அந்தச் சொல் வரும் இடம்

ஆகஸ்ட் 4, திங்கள்
ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஹரிணியின் மேசைமேல் அந்த அமெரிக்க நாவல். நான் பி.ஏ.வில் படித்த அதே கதை! இவளுக்கும் அதையே பாடமாக வைத்திருக்கிறார்கள். எடுத்து முகர்ந்து பார்த்தேன். "லூசாம்மா நீ?" என்றாள்.

ஆகஸ்ட் 6
என்னோடு பி.ஏ. படித்த கௌசர் ஞாபகமாகவே இருக்கிறது. கெலமங்கலத்திலிருந்து ஓசூர் வரை பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படிப்போம்.

கதையில் ஒரு கறுப்பின அடிமையை எல்லாரும் ஓர் இழிசொல்லால்தான் கூப்பிடுவார்கள். வகுப்பில் அது வந்தபோது ஒருவன் எங்கள் சாதிப் பெயரைச் சொல்லி, "இவங்க மாதிரியா சார்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பஸ்ஸில் அழுதேன்.

மறுநாள் முதல் கௌசரே எனக்கு வாசித்தாள். அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் அந்த மனுஷனின் பெயரைப் போட்டு, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல். கதை எனக்குப் பிடித்துப்போனது அவளால்தான். கல்யாணமாகிச் சாமல்பட்டி போனாள். அதோடு தொடர்பே விட்டுப்போயிற்று.

ஆகஸ்ட் 19
பெற்றோர் சிலர் நாவலைப் பாடத்திலிருந்து எடுக்கச் சொல்கிறார்களாம். சனிக்கிழமை ஹரிணியின் காலேஜில் கூட்டம்.

ஹரிணியைக் கேட்டேன். "கதை புடிச்சிருக்கும்மா. அந்த வார்த்தைய சத்தமா வாசிக்கறப்ப மட்டும் தலையக் குனிஞ்சுக்குவேன்."

இவளுமா?

ஆகஸ்ட் 21
எடுத்துவிட்டால் என் பஸ் நாட்களும் போன மாதிரி. வைத்தால் இவள் தலை குனிய வேண்டும். என்னதான் சொல்வது நான்?

ஆகஸ்ட் 23, சனி
கூட்டத்தில் முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்தாள். "எம் பையன் அயானும் இதே கிளாஸ்தாங்க. இந்தப் புக்கு வேணாம் சார். எங்கூடப் படிச்சவ இதால அழுதா. பக்கத்துல உக்காந்து பாத்தவ நானு."

கௌசர்! எனக்காக அல்லவா சண்டை போடுகிறாள், பைத்தியக்காரி.

எழுந்தேன். "அழுதது நான்தாங்க. புக்கு இருக்கட்டும், அந்த வார்த்தையும் அச்சுல இருக்கட்டும். அந்த அடிமைகள என்ன பண்ணாங்கன்னு பசங்களுக்குத் தெரியணும். ஆனா வாய்விட்டு வாசிக்கறப்ப, இவ எனக்கு வாசிச்ச மாதிரி வாசிங்க."

"எப்படிம்மா?" என்றார் துறைத் தலைவர்.

கையிலிருந்த ஹரிணியின் புத்தகத்தைக் கௌசரிடம் நீட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். அதே பெயர், அதே வேகம். அப்புறம் என் கையைப் பிடித்தவள் கூட்டம் முடியும்வரை விடவில்லை.

ஆகஸ்ட் 29
நாவலை எடுக்கவில்லை.

"இன்னிக்கி அயான் வாசிச்சான்மா," என்றாள் ஹரிணி. "அவங்கம்மா மாதிரியே."

"நீ?"

"நிமிந்துதான் உக்காந்திருந்தேன்."