பெட்டியை ஏன் எடுத்தீர்கள், உம்மா?

என் கண்ணான உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உங்கள் கபுறை வெளிச்சமாக்கி வைக்கட்டும். கோபத்தோடு எழுதுகிறவனும் ஸலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று பழக்கியது நீங்கள்தான். அதனால் சொல்லிவிட்டேன். இனிக் கோபம்.

நீங்கள் கண்மூடி நாற்பதாம் நாள் கத்தமும் ஓதிச் சோறு கொடுத்து முடிந்தது. இறைச்சிக்கு உப்புக் கூடிவிட்டது. பரீனா ஆக்கியிருந்தால் இப்படிப் போயிருக்காது என்று சபையில் இருந்தபடி நினைத்தேன். நினைத்ததோடு சரி, வாயைத் திறக்கவில்லை. என் பெண்சாதியின் பெயரை மூன்று வருடமாக நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை, ‘அவள்’ என்றுதான் சொல்லி வந்தோம். நானுந்தான்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். நடந்துதான் போனேன் உம்மா. கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருதில் இருக்கிற அந்த வீட்டுக்கு ஒரு மைல்தான் இருக்கும். பத்து மணிக்குக் கைத்தடியோடு வெளிக்கிட்டவன், நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போதுதான் போய்ச் சேர்ந்தேன். வழியில் இரண்டு கடைகளின் வாசல் வாங்கில் உட்கார்ந்து இளைப்பாறினேன். சைக்கிளில் போனவர்கள் இறங்கி, “ஏறுங்க, கொண்டுபோய் விடுறம்” என்றார்கள். ஏறவில்லை. ஏன் போனேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த அறுவடை நாளுக்குப் போவோம். மாவடிப்பள்ளி வயலில், பரீனா கட்டித் தந்த சோற்றை வரம்பில் இருந்து தின்றுவிட்டு, மூட்டை தூக்கக் குனிந்தேன். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கத்தியை இறக்கியது போல ஒரு வலி. பீடி ஒன்று குடித்து முடிகிற நேரத்துக்குள் கால்கள் கனத்தன. பிறகு அவை என்னுடையவையாக இல்லை. மூத்திரமும் நின்றுவிட்டது. எனக்கு முப்பத்தொரு வயது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்த டொக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். மூளையில் இரத்தக் குழாய் அடைத்தால் வருகிற வாதம் சிலருக்கு முள்ளந்தண்டிலும் வரும், உங்கள் மகனுக்கு அதுதான் வந்திருக்கிறது, கொழும்புக்குக் கொண்டுபோனால் பயிற்சி கொடுத்து நடக்க வைக்கப் பார்க்கலாம் என்றார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அடுத்த வாரமே என்னைப் பரீனா வீட்டில் கொண்டுவந்து கிடத்திவிட்டு, ஓதிப் பார்க்கிறவரிடம் போனீர்கள். அவர் முட்டையை உருட்டிப் பார்த்து, “செய்வினதான், சோத்தில குடுத்திரிக்கி” என்றாராம். கடைசியாகச் சோறு தந்தவள் யார்? உங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

நம் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் வாழுவான். வீடும் வளவும் பெண்ணுடையது. அவனுக்கென்று அங்கே இருப்பது, மாப்பிள்ளையாகப் போன அன்று உடுப்பு வைத்துக் கொண்டுபோன ஒரு தகர றங்குப்பெட்டிதான். அவன் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்கு வரலாம். நோயென்று வந்து மாதக்கணக்கில் படுக்கலாம். அதற்கெல்லாம் ஊர் ஒன்றும் சொல்லாது. ஆனால் பெட்டி திரும்பி வந்தால் அந்த வாழ்க்கை முடிந்தது என்று அர்த்தம். இது தெரியாதவர் இந்தக் கரையில் யார் இருக்கிறார்?

நீங்கள் ட்ராக்டர் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். நாலு பேர் என்னைக் கட்டிலோடு தூக்கி ட்ராக்டரின் ட்ரெய்லரில் ஏற்றினார்கள். பரீனா ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“ஆளக் கொண்டு போங்க மாமி, சுகமாகட்டும். றங்குப்பெட்டிய மட்டும் வெச்சிட்டுப் போங்க” என்றாள்.

“அதுவும் என்ட புள்ளைட சாமான்தான்” என்றீர்கள். “நீ போட்ட சோறு போதும்கா.”

தெரு முழுக்கக் கேட்டது. றங்குப்பெட்டி என் தலைமாட்டில் வந்து இருந்தது. வீட்டு முகட்டைப் பார்த்தபடி கிடந்தவன், ட்ராக்டர் வெளிக்கிட்ட பிறகு வானத்தைப் பார்த்தபடி கிடந்தேன்.

உம்மா, ஒன்றை மறுக்க மாட்டேன். உங்களைப் போல என்னைப் பார்க்க இந்த உலகத்தில் ஒருவராலும் முடிந்திருக்காது. இரவும் பகலும் என்னைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தீர்கள், முதுகில் ஒரு புண் வரவில்லை. கொழும்பில் அதைப் பார்த்துத் தாதிமார் வாயில் விரலை வைத்தார்கள். முப்பத்தொரு வயது ஆண்பிள்ளையின் மலத்தையும் மூத்திரத்தையும் முகம் சுளிக்காமல் எடுத்தீர்கள். அதை நினைத்தால் இதை எழுதுகிற கை நிற்கிறது. ஆனால் நிறுத்த மாட்டேன்.

ஏனென்றால் கொழும்புக்குப் போகாமல் வீட்டில் கிடந்த ஏழு மாதத்தையும் நீங்கள்தான் தின்றீர்கள். தாயத்து, ஓதின தண்ணீர், எண்ணெய், ஒத்தடம். என் கால்களில் தொட்டது தெரிந்தது, சூடு தெரியவில்லை. உங்கள் கை படுவதை நான் உணர்ந்தேன். அந்தக் கையில் இருந்த மணல் ஒத்தடம் கொதிக்கிறது என்பதை உணரவில்லை. தோல் வெந்த மணம் வந்த பிறகுதான் இருவரும் பார்த்தோம். அந்தத் தழும்பு இடது முழங்காலுக்குக் கீழே இன்னும் இருக்கிறது. அன்று நீங்கள் அழுத அழுகையும் காதில் இருக்கிறது. அந்த அழுகையிலாவது உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கக் கூடாதா?

கடைசியில் கொழும்புக்குப் போனோம். ஆரம்ப மாதங்களில்தான் கால் அதிகம் திரும்பும், ஏன் இவ்வளவு நாள் வீட்டில் வைத்திருந்தீர்கள் என்று பெரிய டொக்டர் கேட்டார். சாப்பாட்டால் இந்த நோய் வராது என்பதையும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், நீங்களும் பக்கத்தில் இருந்து கேட்டீர்கள். “ஓம் டொக்டர், ஓம் டொக்டர்” என்றீர்கள். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில், “அவங்களுக்கு இந்த வேலையெல்லாம் விளங்காது மனே” என்று முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு நித்திரையாகிவிட்டீர்கள்.

ஆனாலும் கொழும்பில் பயிற்சி கொடுத்த மிஸ் செய்து காட்டியதை ஒன்று விடாமல் பார்த்து வைத்திருந்தீர்கள். வீட்டில் என் காலை மடக்கி நீட்டும்போது அவர் போலவே “எக்காய், தெக்காய், துணாய்” என்று சிங்களத்தில் எண்ணினீர்கள். தமிழில் எண்ணுங்கள் என்றால், “அவ எண்ணித்தானே உனக்குக் கால் ஆடின” என்றீர்கள். இரண்டு தென்னைமரத்துக்கு நடுவில் மூங்கில் கட்டி, என்னைப் பிடித்து நிறுத்தினீர்கள். முதல் எட்டு வைத்த அன்று தெருவுக்கெல்லாம் சீனி பகிர்ந்தீர்கள். சாய்ந்தமருதுக்கு மட்டும் அனுப்பவில்லை.

பரீனா இரண்டு தரம் வந்தாள். பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுவந்து என் மார்பில் வைத்தீர்கள். அவளை முற்றத்து வெயிலில் நிறுத்தினீர்கள். அவள் இருமியது எனக்குக் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அப்போது எனக்குத் தானாகத் திரும்பிப் படுக்க வந்துவிட்டிருந்தது, உம்மா.

பிறகு நீங்கள் மவுத்தானீர்கள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். குளிப்பாட்டியவர்கள் உங்கள் இடுப்பிலிருந்து றங்குப்பெட்டிப் பூட்டின் திறப்பை எடுத்துத் தந்தார்கள். பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், வழக்கப்படி மகன்தான் மையத்துக்காகப் பொறுப்புக் கேட்க வேண்டும். தடியை ஊன்றி எழுந்து, “என்ட உம்மா கையால வாயால ஆருக்காவது நோவினை செய்திரிந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்குங்க” என்றேன். “பொறுத்தம், பொறுத்தம்” என்று சபை முழுக்கச் சொன்னது. அங்கே இருந்த ஆண்களில் ஒருவருக்கும் நீங்கள் ஒரு தீங்கும் செய்ததில்லை. பொறுக்க வேண்டியவள் அந்தச் சபையில் இல்லை.

அதற்காகத்தான் நேற்று நடந்தேன். உங்களுக்காக.

பரீனா ஒரு கதிரை போட்டாள். மகள் றிஸ்னாவுக்கு நாலரை வயது. நான் இருந்ததும் என் தடியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் குதிரை ஓட்டப் போய்விட்டாள். தடி இல்லாமல் எழும்ப முடியாது. ஆகவே எல்லாவற்றையும் இருந்து கேட்டேன்.

தேத்தண்ணி கொண்டுவந்தாள். கப்பைத் தருவதற்கு முன்னால் உள்ளங்கையில் கொஞ்சம் சரித்து, தானே குடித்துக் காட்டினாள். பிறகுதான் நீட்டினாள்.

“என்ன பரீனா இது?”

“இப்ப ஆர் வந்தாலும் இப்பிடித்தான் மச்சான். பழகிப் போச்சி.”

கலியாண வீடு, கந்தூரி எதுவென்றாலும் ஊர் அவளைத்தான் ஆக்கக் கூப்பிடும், உங்களுக்கு நினைவிருக்கும். இந்த மூன்று வருடத்தில் ஒரு வீடு கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் றிஸ்னாவோடு விளையாட வரும், இங்கே தண்ணீர்கூடக் குடிக்காதாம். நான் கப்பைப் பிடித்தபடி, வந்த விஷயத்தைச் சொன்னேன். உம்மாவைப் பொறுத்துக்கொள் என்று கேட்டேன்.

“அவவ நான் பொறுத்திட்டன்” என்றாள். “மையத்துச் செய்தி வந்த அண்டைக்கே பொறுத்திட்டன். அவ புள்ளைக்குப் பயந்த மனிசி. உங்களத்தான் இன்னும் இல்ல.”

முற்றத்தில் குதிரையாக ஓடுகிற என் தடியைப் பார்த்தேன்.

“என்ட பொஞ்சாதி அப்பிடிச் செய்யமாட்டாள் எண்டு ஒரு சொல்லுச் சொன்னீங்களா மச்சான்? ஒரே ஒரு சொல்லு. உங்களுக்குக் காலுதானே போன? வாயுமா போன?”

உள்ளே போய்விட்டாள். றிஸ்னா தடியைக் கொண்டுவந்து தரும்வரை அந்தக் கதிரையில் இருந்தேன்.

பெட்டியை ஏன் எடுத்தீர்கள் என்று மூன்று வருடமாக மனதுக்குள் உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை இறக்கு என்று ஏன் நான் சொல்லவில்லை? உங்களைக் குற்றம் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது. நீங்கள் என்னைப் புரட்டிப் படுக்க வைத்தது போல, எனக்கான பேச்சையும் நீங்களே பேசட்டும் என்று கிடந்துவிட்டேன். கொழும்பிலிருந்து வந்த அன்றே எனக்கு உண்மை தெரியும். நீங்கள் நம்பித்தான் சொன்னீர்கள், நான் நம்பாமலே பேசாமல் இருந்தேன். இரண்டில் எது பெரிய பாவம்?

இனி நான் செய்யப்போவதைக் கேளுங்கள். வருகிற வெள்ளி, ஜும்ஆ முடிந்ததும், உங்களுக்காகப் பொறுப்புக் கேட்ட அதே இடத்தில் எழுந்து நிற்பேன். இது டொக்டர் சொன்ன நோய், பரீனா ஒன்றும் செய்யவில்லை, என் உம்மா சொன்னது பிழை, அது பிழையென்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை என்று சொல்வேன். உங்கள் பெயர் கெடும் உம்மா. உங்களுக்காக ஓதிய வாய்களே உங்களைப் பற்றிக் கதைக்கும். தெரிந்துதான் செய்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி இங்கேயே இருக்கும். அதைக் கொண்டுவா என்று சொல்ல வேண்டியது அவள், நான் கேட்கமாட்டேன். பள்ளியிலிருந்து நேரே நடந்து போய், அவள் வாசலில் தெருவைப் பார்க்க உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோருக்கும் தெரிய ஒரு பீங்கான் சோறு மட்டும் கேட்பேன். தந்தால், நீ தின்று பார்க்காமல் தா என்பேன்.

நீங்கள் இரண்டு தரம் நடக்கப் பழக்கியும், இன்னும் பேசப் பழகாத உங்கள் மூத்த மகன்.