வெள்ளைப்பாரைத் திருத்திய கை

தம்பி, என் எழுத்து மணலில் நண்டு நடந்த மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு வாசி. ‘ழ’ இன்னும் கைக்கு வரவில்லை. உன் பழைய போன் இப்போது என்னிடம். அதன் உறையில் தோணி எஞ்சினின் மண்ணெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை.

அந்த வாடைதான் உன்னை நினைவுக்குக் கூட்டி வந்தது. கற்பிட்டிக் கடலில் எந்தப் பார், எந்தப் பாறைத்திட்டு தண்ணீருக்கடியில் எங்கே மறைந்து கிடக்கிறது, எந்தக் கல் தோணியின் அடியைக் கிழிக்கும் என்று நான் வாயால் சொல்வேன். நீ கம்ப்யூட்டரில் தட்டுவாய். தோணி பாரை நெருங்கினால் போன் கத்தும். அதுதான் உன் புரோகிராம். எழுதியதையெல்லாம் உலகமே பார்க்கும்படி திறந்து வைத்தாய். கள்ளன் வரமாட்டானா என்று ஒரு அண்ணனாய்க் கேட்டேன்.

“பாக்கிறவன் பாக்கட்டும் நானா. பிழை கண்டா எழுதி அனுப்பட்டும். உள்ளுக்குக் கை வைக்கிற திறப்பு மட்டும் மூணு பேர்ட்ட.”

அந்தச் சாவி இருந்த மூன்று பேர்: நீ, உன் மனைவி பௌசியா, எழுத்தே தெரியாத நான். மாற்றம் எதுவானாலும் எனக்கு வாசித்துக் காட்டி, நான் ஓம் என்ற பிறகுதான் சேர்ப்பாய். மீனவர் சங்கத்தில் சிரித்தார்கள். கடல் தெரிந்தவர் அவர்தானே என்று அவர்கள் வாயை அடைத்தாய்.

நீ மௌத்தாகி, உன்னை அடக்கிய பிறகு வெளிநாட்டிலிருந்து ஒருவர் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார். நம் தமிழ் பேசுகிறவர், நல்ல வேலைக்காரர். உன் திறப்பைக் கேட்டார். பௌசியா என்னிடம் வந்து கேட்டாள். நான் வலை தைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, ஓம், கொடு என்றேன். வாசித்துக் காட்டுவதும் அத்தோடு நின்றது.

முந்தாநாள் காலை, நான் இப்போது போகிற முதியோர் எழுத்து வகுப்பில் படித்ததைப் பழக, உன் போனில் பார்களின் பெயர்களை எழுத்துக் கூட்டினேன். எழுபது வயதில் நானே வாசிக்கிறேன்! வீடு முழுக்கக் கேட்கச் சத்தமாய் வாசித்தேன். வெள்ளைப்பார் வர வேண்டிய இடத்தில் ‘வெள்ளையைப் பார்க்கவும்’ என்று இருந்தது. நான்தான் பிழையாய் வாசிக்கிறேன் என்று திரும்பத் திரும்பக் கூட்டினேன். இல்லை.

யாரையோ மரியாதையில்லாமல் ‘பார்’ என்று சொல்வதாக நினைத்து, அந்த மனிதர் திருத்தியிருக்கிறார். ‘பார்’ என்று முடியும் பெயருக்குத்தான் போன் கத்தும்படி நீ எழுதியிருந்தாய். இனிக் கத்தாது.

மருமகன் அன்சார் கரையில் தோணிக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். பாலாவி உப்பளத்தை விட்டுக் கடலுக்குப் புதிதாய் வந்தவன். பார்களை அவனுக்குப் போன் சொல்லித்தான் தெரியும். ஓடினேன்.

“போன் கத்தும்தானே மாமா, என்னத்துக்கு இந்த ஓட்டம்?” என்று சிரித்தான்.

“கத்தாது மகன். கத்தாமப் பண்ணினது நான்.”

பௌசியா பழைய எழுத்தை உடனே மீட்டுவிட்டாள். அன்சார் அதற்குப் பிறகுதான் போனான். அந்த மனிதர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, திறப்பைத் திருப்பித் தந்தார். திருத்தங்கள் மட்டும் இன்னும் அனுப்புகிறார். கெட்டவர் என்றால் ஏசிவிட்டு ஆறியிருப்பேன். நல்லவர், தம்பி. அதுதான் இன்னும் ஆறவில்லை.

இப்போது ஒவ்வொரு மாற்றத்தையும் நானே வாசிக்கிறேன். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். பௌசியா சிரித்துக்கொண்டு காத்திருக்கிறாள். நேற்று எட்டு வரிகள் வந்தன. மூன்றுதான் முடிந்திருக்கின்றன. வருகிற வெள்ளிக்குள் மீதியையும் கூட்டி, எது சரி, எது பிழை என்று உனக்கு எழுதுகிறேன். அதுவரை ஓம் சொல்லமாட்டேன்.