ஒன்பதாம் நாள் எடுத்த முட்டுக்கழிகள்

அருகன் துணை

செஞ்சி
19-10-64, காலை

சிரஞ்சீவி அஜிததாஸுக்கு, நைனா எழுதிக்கொண்டது. அம்மா, உன் அக்கா, அவள் மகள் சந்தனா, நான், எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே குளிர் ஆரம்பித்திருக்குமே, கம்பளி வாங்கினாயா என்று அம்மா நாலு தரம் கேட்டுவிட்டாள். நம் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட முடியவில்லை என்று எழுதியிருந்தாய், வேலை அப்படி என்றால் என்ன செய்வது, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மணிலாக்கொட்டை பிடுங்குகிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது, கொல்லையில் பாதி முளைத்துவிட்டது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பது, எழுத வேண்டியதை எழுதக் கை வராததால்தான். இன்ஜினியரிங் படிப்பு முடியுமுன் மாணவர்கள் தங்கள் கையால் ஒரு கட்டிடம் கட்டிப் பார்க்க வேண்டும், அது ஊருக்கும் உதவ வேண்டும் என்று உங்கள் வாத்தியார் இருபது பேரை அழைத்துவந்து, அனந்தபுரம் ரோட்டில் முகாம் போட்டுப் பள்ளிக்கூடம் கட்ட வைத்தாரே, அந்த விஷயம். சிமெண்ட் பெர்மிட் தாமதமாகி, முகாம் முடிகிற அன்றுதான் மேல்தளம் போட்டீர்கள். தினம் தண்ணீர் விடுங்கள், தளம் இறுகும்வரை, இருபத்தொரு நாள், கீழே தாங்குகிற முட்டுக்கழியில் யாரும் கை வைக்கக் கூடாது நைனா, என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினாய். ஆனால் அந்தச் சவுக்குக் கழிகளை அமாவாசைக்கு முன் திருப்பித் தருகிறேன் என்று நம் தெரு ஆதிமூலத்திடம் வாக்குக் கொடுத்து வாங்கியவனும் நான்தான். அமாவாசைக்கு மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஜனத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடவேண்டும் என்று அவர் வந்து நின்றார். சொன்ன சொல் தவறாதவன் என்று ஊரில் எனக்குப் பெயர் வேறு. ஒன்பதாம் நாளே எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். இருபத்தொரு நாள் ஆயிற்று என்று உனக்குக் கடிதமும் எழுதினேன். உனக்கு நான் சொன்ன முதல் பொய் அது. அதை நம்பித்தான் நீ வாத்தியாருக்கு எழுதிக் கொடுத்தாய், அவர் கொடுத்த சான்றிதழில்தான் உனக்கு வேலை கிடைத்தது.

வெள்ளிக்கிழமை சந்தனாவுக்குத் தலை வாரும்போது முடியெல்லாம் சுண்ணாம்புப் பொடி. என்னடி இது என்றால், கிளாஸில் மேலேயிருந்து உதிருது தாத்தா என்கிறாள். நேற்று போய்ப் பார்த்தேன். தளத்துக்கு நாலு விரல் கீழே சுவருக்குச் சுவர் நூலை இழுத்துக் கட்டினேன், நடுவில் தளம் நூலில் வந்து இடிக்கிறது. விரிசலில் என் விரல் நகம் நுழைகிறது. மாடியில் மழைத் தண்ணீர் நடுவிலேயே தேங்கி நிற்கிறது. ஹெட்மாஸ்டர் அரங்கநாதன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளை வெளியே உட்கார வையுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, “நம்ம அஜித்து நின்னு கட்டுனதுங்க, அதுக்கு இன்னா ஆவப்போவுது” என்றார். ஏன் பயப்படுகிறேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அவரே, தீபாவளி கழித்து உங்கள் வாத்தியார் புதிதாக முப்பது மாணவர்களை அழைத்து வருகிறார், உன் கட்டிடத்தைக் காட்டிப் பாடம் நடத்திவிட்டு அதன்மேலேயே இன்னொரு அறை கட்டப் போகிறார் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ராத்திரி முழுக்க மழை. இன்று காலை சந்தனாவுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தெருப் பிள்ளைகள் சிலேட்டுப் பலகையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவதைப் பார்த்தேன். ஆதிமூலத்தின் பேத்தி சின்னப்பொண்ணு இந்தப் பக்கம் திரும்பி, சந்தனா வரலியா என்று கேட்டுவிட்டுப் போனாள். நம் வீட்டுப் பிள்ளையை மட்டும் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்ததே எனக்கு. வெட்கமாக இருக்கிறது அஜிதா.

பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் அரைமணி இருக்கிறது. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அங்கே போகிறேன். முட்டுக்கழியை எடுத்தவன் நான், மறைத்தவனும் நான், என் பிள்ளைமேல் குற்றமில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். அப்படியும் கேட்காவிட்டால் பிள்ளைகளோடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ தீர்க்காயுளோடு இரு. இது கைக்கு வந்ததும் மறக்காமல் வாத்தியாருக்குத் தந்தி கொடு, ஒரு மாணவனையும் அந்த மாடியில் ஏற்றக் கூடாது என்று. பிறகு என்னிடமிருந்து கடிதம் வருகிறதா என்று பார்.

உன் நைனா,
அப்பாண்டைநாதன்