மாசாமாசம் வராத சம்பளம்

சித்திரை மாதம் ஒரு காலி வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் புதுப் பெயிண்ட் வாசனை முகத்தில் அடித்தது. அந்த வாசனை உங்களுக்குப் பிடிக்கும், எனக்குத் தலை வலிக்கும். நாம் சேர்ந்து வீடு பார்க்கப் போனால் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிற்பேன். நீங்கள் அறை அறையாகப் போய்க் குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பீர்கள். அன்றைக்கும் உள்ளே யாரோ குழாயைத் திறக்கப் போயிருப்பது போலக் காத்து நின்றேன். பிறகுதான் நினைவு வந்து நானே போய்த் திறந்தேன்.

வீட்டுக்காரம்மா நன்றாகத்தான் பேசினார். நம் மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். சாவியை என் கையில் கொடுத்து மாடியைப் பார்த்து வரச் சொன்னார். இறங்கி வந்ததும் கேட்டார்.

"வீட்டுக்காரர் எங்கன வேலை பாக்குறாக?"

"அவுக இல்லம்மா. ஐப்பசில தவறிட்டாக."

"அடப்பாவமே. அப்ப வாடகைக்கு?"

"நான் வேலை பாக்குறேன்மா, வீட்டுல இருந்தே. மலையாளப் படத்துக்கு, சீரியலுக்கெல்லாம் தமிழ்ல சப்டைட்டில் எழுதுறேன்."

"எந்தக் கம்பெனி?"

"ஒரே கம்பெனின்னு இல்ல. கொச்சி, பெங்களூருன்னு நாலஞ்சு பேருக்கு எழுதுறேன்."

அவர் முகத்தில் இருந்த இரக்கம் அப்படியேதான் இருந்தது. சாவி மட்டும் அவர் கைக்குத் திரும்பிப் போய்விட்டது. "எங்க வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் ஆத்தா" என்றார். சொல்லவே இல்லை.

உங்களோடு வீடு தேடியபோது இந்தப் பேச்சே வந்ததில்லை. கல்யாணமான புதிதில் தேனிக்கு வந்து நாம் பார்த்த முதல் வீட்டில், நீங்கள் வேலை பார்த்த கல்லூரி அலுவலகத்தில் தந்த சம்பளச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினீர்கள். அதில் இருந்த தொகையை நினைத்து எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்காரரோ தொகையைப் பார்க்கவே இல்லை, கல்லூரியின் முத்திரையைத்தான் பார்த்தார். அன்று மாலையே பால் காய்ச்சினோம்.

அப்பா கேரள எல்லையில், குமுளியில் டீக்கடை வைத்திருந்ததால் எனக்கு வாய்த்த மலையாளம் ஒருநாள் சோறு போடும் என்று நான் நினைத்ததில்லை. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் பிடித்த வேலை, சில வருடங்களில் உங்கள் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் உங்கள் பணம் ஒன்றாம் தேதி வரும், என் பணம் வருகிறபோது வரும். எனக்கு லேப்டாப் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த அதிகாரி பேசியதெல்லாம் உங்களிடம்தான். "மேடத்துக்கு வருமானம் இல்லைல சார், உங்க பேர்லயே போட்டுருவோம்" என்றார்.

"சார், நான் வாங்குறது அரிசி பருப்புக்கே சரியாப் போயிரும். மிச்சம் அம்புட்டும் இவ சம்பாத்தியந்தான். இவ பேர்லயே போடுங்க."

அவர் நல்ல நகைச்சுவையைக் கேட்டது போலச் சிரித்தார். கடன் உங்கள் பெயரில்தான் கிடைத்தது. வெளியே வந்து வண்டி ஸ்டாண்டை நீங்கள் எட்டி உதைத்த வேகத்தில் பக்கத்து வண்டி சாய்ந்தது. "விடுங்க, யார் பேர்ல இருந்தா என்ன?" என்றேன்.

"நாளப்பின்ன நான் இல்லாட்டி என்ன செய்வ?"

"மொதல்ல வாயக் கழுவுங்க" என்று நான் திட்டியதில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

ஐப்பசி மழையில் ஒரு காலை கல்லூரிக்குப் போன நீங்கள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்களாம். நாம் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் உங்களை எடுத்த அன்றும் வந்தார், பதினாறாம் நாளும் வந்து சாப்பிட்டார். பங்குனியில் வந்து, துபாயிலிருந்து மகன் குடும்பத்தோடு திரும்புகிறான் என்றார். "வைகாசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்தா நல்லதுமா. தப்பா நெனைக்காதீக." தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, அது அவர் வீடு.

அதற்குப் பிறகு தினமும் வீடு தேடல்தான். புரோக்கர் கூப்பிட்டபோதெல்லாம் கிளம்பிப் போனேன். ஒரு வீட்டில் பே சிலிப் கேட்டார்கள், இன்னொரு வீட்டில் ஆம்பளை யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். மகள் இந்த வருடம் பிளஸ் டூ. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா, நான் வேணா ஹாஸ்டல்ல சேந்துக்கிரவா? நீ மட்டும்னா மாமா வீட்டுலயே இருந்துக்கிரலாம்ல?" என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அட்வான்ஸ் பணத்துக்காவது வழி பண்ணலாம் என்று அதே வங்கிக்குப் போனேன். இப்போது ஒரு இளம்பெண் அதிகாரியாக இருக்கிறார். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். வருமான வரி கட்டிய தாள்களைப் புரட்டினார், பிறகு கணக்கைத் திரையில் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"சேலரின்னு ஒரு வரிகூட இல்லையே மேடம். ஒரு மாசம் நெறைய வருது, ஒரு மாசம் கொஞ்சமா வருது. இங்க பாருங்க, ரெண்டு மாசம் சுத்தமா எதுவுமே வரலையே?"

அந்த இரண்டு மாதம் எது என்று திரையைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். உங்கள் காரியம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போனபின், லேப்டாப்பைத் திறந்து உட்காருவேன். படத்தில் ஒருத்தி சமையலறையில் நின்று புருஷனைக் கேலி பண்ணிச் சிரிப்பாள். அவள் சொன்னதைத் தமிழில் எழுத எனக்கு வார்த்தை வராது. மூடி வைத்துவிடுவேன். கொச்சிக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பட வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"அப்ப வேலை கொஞ்சம் கம்மி மேடம்" என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். கடன் கிடைக்கவில்லை.

கம்பத்திலிருந்து தம்பி வந்தான். அவன் சேக்காளி ஒருவன் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறான். நான் அங்கே கணக்கு எழுதுவதாக, கடையின் முத்திரையோடு ஒரு சம்பளச் சான்று வாங்கி வந்திருந்தான். படித்துப் பார்த்தேன். அதில் போட்டிருந்த தொகை நான் உண்மையில் சம்பாதிப்பதில் பாதிகூட இல்லை.

"ஏன்டா இம்புட்டுக் கம்மியாப் போட்டிருக்க?"

"கூடப் போட்டா நம்ப மாட்டாகக்கா. பொம்பள கணக்கு எழுதுறதுக்கு இதுதான் பொருத்தமா இருக்கும்."

கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வைகாசி பிறந்து பாதி போய்விட்டது. மகளின் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு இருப்பதாகப் புரோக்கர் கூட்டிப் போனார். கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவருக்கு என்ன தொழில் என்று வாசலில் நின்று கேட்டபோதுதான் புரோக்கர் சொன்னார், போடியில் ஏலக்காய் வியாபாரமாம். பைக்குள் இருந்த சான்றில் உள்ள கடையை இவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு போன் போட்டால் போதுமே.

அவர் நேராகவே ஆரம்பித்தார். "போன தடவ குடியிருந்த ஆளு ஆறு மாச வாடகையக் குடுக்காமப் போயிட்டான்த்தா. அதான் கறாராக் கேக்குறேன். ஒங்களுக்கு மாசாமாசம் சம்பளம் வந்துருமா?"

என் கை பைக்குள் போய் அந்தத் தாளைத் தொட்டது. பயத்தில் எடுத்தேனா, வைராக்கியத்தில் எடுத்தேனா என்று இப்போதும் தெரியவில்லை, வெளியே எடுத்தது வரி கட்டிய தாள்களைத்தான்.

"மாசாமாசம் வராதுண்ணே. செல மாசம் ஒண்ணுமே வராது. ஆனா வருசத்துக்குப் பாத்தா கொறையாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒங்களுக்கும் மாசாமாசமா வருது? காய் வந்தாத்தான காசு?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிலைப்படியில் நின்ற அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

"யாவாரம் வேற, குடித்தனம் வேற" என்றார். ஆனாலும் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பினார். "வரியெல்லாம் ஒழுங்காக் கட்டியிருக்கீகளே?"

"கட்டிருவேண்ணே."

"சரித்தா. அட்வான்ஸ் ரெண்டு மாசம் கூடப் போட்டுக் குடுங்க. வாடகை பத்தாம் தேதியத் தாண்டக் கூடாது. ஒரு தடவ தாண்டினாலும் பேச்சில்ல, காலி பண்ணிரணும்."

என் சங்கிலி அடகுக்குப் போனது. சான்றைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தபோது, "வச்சுக்கக்கா, அடுத்த வீட்டுக்கு ஆகும்ல" என்றான்.

ஒப்பந்தம் அடிக்கப் போன இடத்தில் டைப் அடிக்கிறவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று போட்டுவிட்டார். மாற்றச் சொன்னேன். "மொழிபெயர்ப்பாளர்னு போடுங்க." ஒரு 'ப்' விட்டுப்போய்விட்டது. அதையும் திருத்தச் சொன்னேன். அவருக்கு எரிச்சல். எனக்கு அது வேண்டியிருந்தது. அதற்கு மேல் வரியில் உங்கள் பெயர், அதற்கு முன்னால் 'காலஞ்சென்ற'. அதைத் திருத்தச் சொல்ல வழியில்லை.

வீடு மாறி மூன்று வாரம் ஆகிறது. பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்று தேதி ஐந்து, கொச்சிப் பணம் இன்னும் வரவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேதான் மத்தியானம் வேலைக்கு உட்கார்ந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு அம்மாவின் குரல். வாடகை கேட்க வந்திருப்பாரோ? ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினேன்.

இன்று பள்ளி இல்லாததால் வீட்டில் இருந்த மகள் போய்க் கதவைப் பாதி திறந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அத்தை, அம்மா வேலையா இருக்காக. செத்த நேரம் கழிச்சு வாரீகளா?"

நீங்கள் வாசலில் நின்று சொல்வது அப்படியே. கல்லூரி நண்பர்களானாலும் சரி, உங்கள் அம்மாவே ஊரிலிருந்து வந்து இறங்கினாலும் சரி, செருப்பைக் கழற்றுமுன் சொல்லிவிடுவீர்கள், அவுக வேலையா இருக்காக, சத்தம் போடாதீக என்று. பொண்டாட்டிக்கு இம்புட்டு மரியாதையா என்று அவர்கள் சிரிப்பார்கள். வீட்டுக்குள் எனக்கு எப்போதும் 'வாடி போடி'தான். அந்த வாசலில் நிற்கும்போது மட்டும் நான் உங்களுக்கு 'அவுக'. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சின்னப் பிள்ளையாக உங்கள் காலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருப்பாள்.

"அவசரமில்ல தாயி, கொழம்பு கொண்டாந்தேன்" என்று கீழ்வீட்டு அம்மாவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

எனக்குச் சம்பளச் சீட்டு என்று யாரும் எழுதித் தந்ததில்லை. வாசலில் நின்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வரிதான் இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனை மறுபடி மாட்டினேன். கொஞ்சம் பின்னால் போய், விட்ட வசனத்தைத் திரும்பக் கேட்டு எழுதத் தொடங்கினேன்.