றிஸ்வியிட்ட புத்தகத்தக் குடுக்க வேணாம்

மச்சான்,

நான் உம்மாவப் பார்க்க மூதூருக்குப் போறன். சோறும் சூரைமீன் ஆணமும் குசினியில மூடி வச்சிருக்கன்.

பகலைக்குத் தம்பி றிஸ்வி ஓட்டோவோட வருவான். உங்கட புத்தகங்கள வாசிகசாலைக்கு ஏத்திட்டுப் போகச் சொல்லி நான்தான் போன் எடுத்தனான். விஞ்ஞானம், பொறியியல், சரித்திரம், சமயம் எண்டு கொண்டுவந்து என்ட பீங்கான் அலுமாரிய நிரப்பிட்டீங்க எண்ட கோபம்; ராத்திரி நம்மட சண்டையும் அதாலதான்.

இப்ப ஒண்டும் குடுக்க வேணாம்.

பெட்டியில அடுக்கக்குள்ள விஞ்ஞானப் புத்தகம் ஒண்டு விரிஞ்சிது. நம்மட கடலின்ட படம். குடாவுக்குள்ளயே தொடங்கி, தண்ணிக்கடியில ஒரு பள்ளத்தாக்கு போகுதாம். தூரத்துல அது எவ்வளவு ஆழமெண்டா, நாட்டுலயே உயரமான பிதுருதலாகலை மலைய இறக்கினாலும் உச்சி வெளியில தெரியாது. வாசிச்சிட்டே நிண்டுட்டன். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சதும் தெரியல்ல. அந்த ஆழத்துக்கு மேலயா மச்சான், இந்தச் சின்னப் போட்டுல இருந்து வலை இழுக்கிறீங்க? அல்லாஹ்தான் உங்களத் தாங்கி வச்சிருக்கான்.

சுஹைரா

அந்தப் புத்தகத்தத் தேடாதீங்க. உம்மாவுக்குக் காட்ட எடுத்துட்டுப் போறன்.

இன்னொண்டு. சண்டை எண்டாலும், இண்டைக்கு மாதிரிச் சொல்லாமப் போகாம, இனிக் கடலுக்குப் போகக்குள்ள என்னை எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க.