உப்பு கரையும்

மக்கா சுமதி, எங்கே இருந்தாலும் கொஞ்சம் காதைக் கொடு.

நம்முடைய அறிவியல் சார் இப்போது அதே பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். நான் அவருக்குக் கீழே டீச்சர். வருகிற மார்ச்சில் அவர் ஓய்வு பெறுகிறார். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற யோசனையும் இல்லை.

நினைவிருக்கிறதா? களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழில் மட்டும் படித்துவிட்டு, எட்டாம் வகுப்புக்கு எல்லை தாண்டிப் பாறசாலை மலையாளப் பள்ளிக்கு வந்தவள் நீ. உப்பைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். முதலில் எழுந்தது நீதான்.

"கரையும் சார்."

மலையாளத்தில் அது 'அழும்' என்றாகிவிடும் என்று உனக்கு எப்படித் தெரியும்? "உப்பு கரயுமோ? ஆரு தல்லி அதினெ?" யார் அடித்தார்கள் என்று கேட்டு அவர் சிரிக்க, வகுப்பே சிரித்தது. அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும், பிள்ளே. அவரும் எல்லைக்காரர்தான். அன்று முதல் உன் பெயர் உப்பு. ஓணப் பரீட்சைக்குக்கூட நீ வரவில்லை. சரியான பதில் சொன்னவளுக்கு முந்திரி ஆலை, சிரித்தவருக்குப் பதவி உயர்வு. இது எந்த ஊர் நியாயம்?

நீ கண்ணை மூடின பிறகு உன் மகள் அனிதா வெள்ளறடையில் மாமன் வீட்டுக்கு வந்துவிட்டாள். எட்டாம் வகுப்பில் என்னிடம்தான் படிக்கிறாள். செங்கல் சூளைக்கு வந்த பீகார்க்காரர்களின் பிள்ளைகளும் அவளோடு உண்டு. பள்ளி திறந்த கையோடு ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"இதுகளுக்கு மலையாளம் வராது டீச்சரே. டிசி வாங்கிட்டுப் போகட்டு. நம்ம ரிசல்ட்டு கெடும்."

மறுபடியும் ஒரு சுமதி வீட்டுக்குப் போக வேண்டுமாம்! எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி ஆறவே இல்லை.

வகுப்பில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். எந்தப் பாடமானாலும் முதலில் தன் வீட்டுப் பேச்சில் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவள் அதை மலையாளத்தில் சொல்ல வேண்டும். தமிழில் கரையும், மலையாளத்தில் அலியும், இந்தியில் குல் ஜாயேகா, எல்லாம் இப்போது பிள்ளைகளுக்கு அத்துபடி.

போன வாரம் கல்வி அதிகாரி வந்தார். அதிகாரி யார் வந்தாலும் ஹெட்மாஸ்டர் எடுத்துவிடுகிற பகடி அந்த உப்புக் கேள்விதான். அனிதா முந்தின நாளே என்னிடம் கேட்டாள்.

"சித்தி, அலியும்னு சொன்னா போராதா?"

"உங்க அம்ம சொன்னதையே சொல்லு மக்கா. மிச்சத்த நான் பாத்துக்கிடுறேன்."

கேள்வி வந்தது. "கரையும் சார்" என்றாள் உன் மகள்.

"ஆரு தல்லி?" என்றார் ஹெட்மாஸ்டர். ஒருத்தரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சிலிருந்து மலையாளப் பெண் ஸ்ருதி எழுந்தாள்.

"சாரே, தமிழில கரையும்னா அலியும்னாக்கும் அர்த்தம். சாரினு அறிஞ்ஞூடே?"

இதுகூடத் தெரியாதா என்று கேட்டுவிட்டாள்! இந்த முறை சிரித்தது அதிகாரி. டிசி விஷயத்தை நான் அவர் காதில் போட, "குட்டிகள் இவிடெத்தன்னெ படிக்கட்டெ", பிள்ளைகள் இங்கேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டும் போனார். அதோடு டிசி பேச்சு நின்றது. ஹெட்மாஸ்டரின் முகம் போன போக்கைப் பார்க்க உனக்குக் கொடுத்து வைக்கவில்லையே.

மனம் நிறைந்ததா என்கிறாயா? இல்லை. பிரிவுபசார விழாவில் அவருக்குப் பாராட்டுரை சொல்ல நானே பெயர் கொடுத்திருக்கிறேன். என்ன பெருந்தன்மை என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். மாலையும் கழுத்துமாய் அவரை மேடையில் உட்கார வைத்துக்கொண்டு, உன் பெயரைச் சொல்லி, உன் கதையைச் சொல்வேன். அனிதா முன் வரிசையில் இருப்பாள்.

சத்தியம் சுமதி, அன்றைக்கு அந்த மனிதரைக் கரைய வைக்காமல் விடமாட்டேன். தமிழிலா மலையாளத்திலா என்பது அவர் இஷ்டம்.

இப்படிக்கு,
உன் மகளுக்குச் சித்தி,
கலா