பவர் இல்லாத கண்ணாடி

அண்ணா,

எழுத்து ஏறி இறங்கிக் கிடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ‘அண்ணா’ என்று எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனாலும் எழுதிவிட்டேன். நானேதான் எழுதினேன்.

நோட்டுக்குப் பக்கத்தில் உங்கள் மூக்குக்கண்ணாடி இருக்கிறது. நேற்று உங்கள் மருமகள் கொண்டுவந்து கொடுத்தது. “மாமா கடைசி வரைக்கும் கழட்டலீங்க. இது உங்களுக்குத்தான் சேரோணும்னு சொல்லிப்போட்டுப் போனாருங்க” என்றது அந்தப் பிள்ளை. கையில் வாங்கியதும் மண்ணெண்ணெயும் கரி மையும் கலந்த வாசனை வந்தது. எழுபத்தாறு வயது மூக்கை நம்ப முடியாது. இருந்தாலும் வந்தது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே நாம் வேலை செய்த மில்லின் பேக்கிங் கூடத்துக்குள் போய்விட்டேன்.

உள்ளே எல்லாம் காக்கி. வங்கதேசப் போர் நடந்த வருடம் அது. பட்டாளத்துக்குத் துணி போக வேண்டும், யாருக்கும் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வெயில் கூரைக் கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழும். அதில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டே இருக்கும், கீழே இறங்கவே இறங்காது. எங்கள் உள்ளங்கை மடிப்புகளில் காக்கி நிறம் ஏறியிருந்தது. சோறு பிசைந்தாலும் போகாது. எல்லையில் எங்கோ ஒருவன் என் கை பட்ட துணியைப் போட்டுக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்தால் எனக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

நீங்கள் துணியை அழுத்திப் பொதியாக, பேலாகக் கட்டும் பிரஸ்ஸில் நிரந்தர ஆள். நான் டெம்பரரி. கட்டிய பேலின் சாக்கு மேல் துத்தநாகத் தகட்டை வைத்து, வெட்டிய எழுத்துகள் வழியாகக் கருப்பு மை அடிப்பது என் வேலை. எட்டாவது படித்திருக்கிறேன் என்று பொய் சொல்லிச் சேர்ந்திருந்தேன். இங்கிலீஷோ தமிழோ, எனக்கு இரண்டும் எறும்பு ஊர்ந்த தடம். முதல் வாரத்திலேயே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். யாரிடமும் சொல்லவில்லை. தகட்டின் முன்பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட்டால் ஒரு பொட்டு வைத்தீர்கள்.

“பொட்டு உன்னையப் பாக்கோணும் கண்ணு. பொட்டு தெரியலீன்னா தகடு குப்புறக் கெடக்குதுன்னு அர்த்தம்.”

அந்தப் பொட்டை நம்பியே நாலு மாதம் ஓட்டினேன். அப்புறம்தான் அந்தப் புத்திகெட்ட காரியத்தைச் செய்தேன். பட்டாளத்துக்குப் போகிற எழுத்து பளிச்சென்று விழ வேண்டும் என்று, ஒரு நாள் காலையில் தகட்டை மண்ணெண்ணெய் ஊற்றிப் பளபளவென்று தேய்த்துக் கழுவினேன். மையோடு பொட்டும் போய்விட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓட்டை ஓட்டைதானே? ஒரு பக்கத்தை முகம் என்று நினைத்து அடிக்க ஆரம்பித்தேன். எட்டு பேல்.

கூட்ஸ் ஷெட்டுக்குப் போகிற லாரி வாசலில் நிற்கிறது. சூப்பர்வைசர் வந்து பார்த்தார்.

“ஆருய்யா இதைய அடிச்சது? கண்ணாடியில பாக்கற மாதிரியில்ல இருக்குது!”

பட்டாளச் சரக்கில் தப்புச் செய்த டெம்பரரி ஆள் அன்றைக்கே கேட்டுக்கு வெளியேதான். வீட்டில் என் சம்சாரத்துக்கு ஏழாம் மாதம். படிக்கத் தெரியாதவன் என்பதும் வெளியே வந்துவிடும். எல்லாம் ஒரே நிமிஷத்தில் மண்டைக்குள் ஓடியது. அதற்குள் நீங்கள் பிரஸ்ஸை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தீர்கள்.

“நாந்தானுங்க. பையன் மை கலக்கப் போயிருந்தான். கண்ணாடி இல்லாம அடிச்சுப்போட்டேனுங்க.”

“உமக்கு எப்பய்யா கண்ணாடி?”

“இனிமேத்தானுங்க வாங்கோணும்.”

கூடமே சிரித்தது. சூப்பர்வைசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார். “நாளைக்குக் கண்ணாடி போடாம வந்தீன்னா உள்ளயே உட மாட்டேன், பாத்துக்க” என்றார். நாம் இரண்டு பேரும் சாப்பிடாமல் நின்று எட்டு பேலுக்கும் சாக்கைப் பிரித்து, வேறு சாக்கு வைத்துத் தைத்தோம். நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் கருப்பு பிரேம் போட்டுக்கொண்டு வந்தீர்கள். வாத்தியார் வேஷம் கட்டியவரைப் போல இருந்தது. என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னீர்கள்: “வெறுங் கண்ணாடிதான் கண்ணு. சொட்டுப் பவர் இல்லை.”

“எப்பங்ணா கழட்டுவீங்க?”

“நீ எழுத்துக் கத்துக்கிட்டு எனக்கு நாலு வரி காயிதம் போடு. அன்னைக்குக் கழட்டிப்போடறேன்.”

“அடுத்த வாரம் ஆரம்பிச்சுர்றனுங்ணா.”

போர் சீக்கிரமே முடிந்துவிட்டது. என் அடுத்த வாரம் மட்டும் முடியவில்லை. நான் நிரந்தரமானேன், தையல் பகுதிக்கு மாறினேன், எழுத்தே தேவைப்படாத இடம். நீங்கள் வேலையை விட்டு நின்ற பிறகும், பொள்ளாச்சியில் என் மகள் கல்யாணத்துக்கு அந்தக் கண்ணாடியோடுதான் வந்தீர்கள். “இனி ஆருங்ணா கேக்கப் போறாங்க, கழட்டிருங்க” என்றேன். இலையில் இருந்து தலையைத் தூக்காமலே கேட்டீர்கள்: “காயிதம் போட்டயா?”

“அடுத்த வாரமுங்ணா.”

“உன்ற அடுத்த வாரத்துக்கு காலண்டர்லயே எடமில்லை, போ!”

போன மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். அதற்கு அப்புறம்தான் பெரியநாயக்கன்பாளையத்தில் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் போவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உட்கார்ந்திருக்கலாம். அது ஒன்றுதான் உறுத்துகிறது. மற்றபடி எனக்கு இப்போது ஒரே கொண்டாட்டம்தான், அண்ணா. பஸ்ஸில் போர்டு படிக்கிறேன். உப்புப் பாக்கெட்டைப் படிக்கிறேன். ஊரெல்லாம் இத்தனை நாள் என்னோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குத்தான் காது கேட்கவில்லை.

இப்போது உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கத்தைப் பார்த்தேன். எழுத்து பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. கோணலாக இருந்தது கோணலாகவே இருக்கிறது. சொன்னபடி வெறுங் கண்ணாடிதான்.

நாலு வரி கேட்டீர்கள், நாலு பக்கம் ஆகிவிட்டது. உங்கள் முகத்தில் இருந்து அந்தக் கண்ணாடியை இன்றைக்கு நானே கழற்றி மடித்து வைக்கிறேன். அடுத்த வாரம் மறுபடியும் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். இந்த அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, காலண்டரில் இருக்கிறது. நானே படித்துப் பார்த்துவிட்டேன்.

வாரேனுங்ணா.